அயர்லாந்தின் கவுண்டி ஷெரீப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெரீப் என்பவர் யார்? அமெரிக்கப் படங்களில் நெஞ்சில் நட்சத்திரம் குத்திக்கொண்டு குதிரையில் வருபவர்தானா?

அவர் வேறு. அமெரிக்க ஷெரீப் பெரும்பாலும் ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் காவல் அதிகாரி. அயர்லாந்தின் ஷெரீப்போ ஓராண்டுக்கு மட்டும் அரசால் நியமிக்கப்பட்ட, சம்பளம் எதுவும் வாங்காத ஒரு நிலக்கிழார். பெயரின் வேர் மட்டும் இருவருக்கும் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் 'ஷையர்' என்றால் நாட்டின் ஒரு பிரிவு, 'ரீவ்' என்றால் அதை மேற்பார்க்கும் மணியக்காரர்; இரண்டும் சேர்ந்து, நாவில் உருண்டு தேய்ந்து, 'ஷெரீப்' ஆயிற்று. கவுண்டி என்பதை நம் மாவட்டம் போன்றது என்று கொள்ளலாம், பரப்பில் மட்டும் பெரும்பாலும் சிறியது.

மன்னரின் பெயரால் எழுதப்பட்ட ஆணை எதுவானாலும் அந்தக் கவுண்டிக்குள் அது ஷெரீபின் கைக்குத்தான் வந்து சேரும். அதை நிறைவேற்றி, நிறைவேறிய விதத்தை அந்த ஆணையின் பின்புறத்திலேயே எழுதித் திருப்பி அனுப்ப வேண்டியதும் அவர் கடமை. ஜூரிகளைக் கூட்டச் சொல்லும் ஆணை, நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தனுப்பச் சொல்லும் ஆணை, கடன்பட்டவரின் மாட்டை ஜப்தி செய்யச் சொல்லும் ஆணை, குடியானவரை வீட்டைவிட்டு வெளியேற்றச் சொல்லும் ஆணை, தூக்குத் தண்டனையை நிறைவேற்றச் சொல்லும் ஆணை என எல்லாவற்றுக்கும் முகவரி ஒன்றே. அயர்லாந்தின் வரலாற்றில் இந்தப் பதவி மீண்டும் மீண்டும் சண்டைக்குக் காரணமானதை இந்த ஒரு செய்தியைக் கொண்டே பெரும்பாலும் விளங்கிக்கொள்ளலாம்.

சென்னையிலும் ஒரு ஷெரீப் இருந்தாரே, அவருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இரண்டும் ஒரே ஆங்கிலப் பதவியின் கிளைகள். மதராசில் 1726-ஆம் ஆண்டுச் சாசனத்தின் கீழ் மேயர் நீதிமன்றம் அமைக்கப்பட்டபோது, அதன் சம்மன்களைச் சேர்ப்பிக்கவும் தீர்ப்புகளை நிறைவேற்றவும் ஒரு ஷெரீப் வைக்கப்பட்டார். பின்னாளில் அது நகரப் பிரமுகர் ஒருவருக்கு ஓராண்டுக்குக் கிடைக்கும் கௌரவப் பதவியாகச் சுருங்கி, 1990களின் இறுதியில் ஒழிக்கப்பட்டது. வேலை முதலில் கழன்று மரியாதை மட்டும் எஞ்சியது சென்னையின் கதை. அயர்லாந்தின் பெரும்பகுதியில் நடந்தது இதற்கு நேர் எதிரானது என்பதைக் கடைசிக் கேள்விகளில் பார்க்கலாம்.

அயர்லாந்துக்கு இந்தப் பதவி எப்போது வந்தது?

12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலோ-நார்மன் படைகள் அயர்லாந்தில் இறங்கியதைத் தொடர்ந்து, இங்கிலாந்தின் நிர்வாக முறையும் அவர்களோடு வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் டப்ளின், கார்க், வாட்டர்போர்ட் போன்ற இடங்களில் ஷெரீபுகள் இருந்தனர். மன்னருக்குச் சேர வேண்டிய வரவுகளைத் தண்டி, டப்ளின் கருவூலத்தில் கணக்கு ஒப்படைப்பது அவர்களின் முதன்மை வேலையாக இருந்தது. கவுண்டி நீதிமன்றத்தைக் கூட்டியதும் அவர்களே. குற்றம் சாட்டப்பட்டவர் அடுத்தடுத்து ஐந்து கவுண்டி நீதிமன்றங்களில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டும் வரவில்லையென்றால், சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்பட்டவராக அறிவிக்கப்படுவார்.

ஆனால் தீவு முழுவதும் அன்று கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. தீவின் பூர்வகுடிகளான கேலிக் குலத் தலைவர்களின் நிலங்களில் மன்னரின் ஆணை செல்லவில்லை. ஆங்கிலப் பிரபுக்கள் சிலரின் நிலங்களிலும்கூட அரைகுறையாகத்தான் சென்றது. டிப்பரேரி இதற்குச் சுவையான எடுத்துக்காட்டு. அங்கு ஆர்மண்ட் பிரபுக்களான பட்லர் குடும்பத்தினர் தமக்கென்று தனி நீதிமன்றமும் தனி அதிகாரிகளும் வைத்துக்கொள்ளும் உரிமை பெற்றிருந்தனர். கவுண்டிக்குள் இருந்த திருச்சபை நிலங்கள் மட்டும் 'கிராஸ் டிப்பரேரி', அதாவது சிலுவை டிப்பரேரி, என்ற பெயரில் தனிக் கவுண்டியாக எண்ணப்பட்டு, அவற்றுக்கு மட்டும் மன்னரின் ஷெரீப் இருந்தார். ஒரே ஊர்ப்புறத்தில் வயலுக்கு வயல் அதிகாரி மாறும் இந்த ஏற்பாட்டின் மிச்சம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. பட்லர்களின் தனியுரிமை 1715-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் முடிவுக்கு வந்தது.

மீதி நிலங்களைக் கவுண்டிகளாக அறுத்தெடுத்தது டியூடர் ஆட்சி. 1550களில் கிங்ஸ் கவுண்டி, குவீன்ஸ் கவுண்டி, பிறகு மேற்கே கானக்ட் பகுதி, 1585-ஐ ஒட்டி வடக்கே அல்ஸ்டர் என்று அந்த வேலை நடந்தது. டப்ளினுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் உள்ள விக்லோ மலைநாடு, டியூடர் ஆட்சி முடிந்த பிறகு, 1606-இல்தான் கடைசியாகக் கவுண்டியாயிற்று. மொத்தம் 32.

கேலிக் தலைவர்கள் ஷெரீபை ஏன் அவ்வளவு வெறுத்தார்கள்?

ஒரு நிலப்பகுதி கவுண்டி என்று அறிவிக்கப்பட்டால் அடுத்த நாள் வந்து நிற்பவர் ஷெரீப்தான். அவரோடு ஆங்கிலச் சட்டமும் வரியும் ஆயுதம் தாங்கிய ஆட்களும் வந்தன. அந்த ஆட்களுக்கு ஊரார்தான் சோறு போட வேண்டும்.

பெர்மனா பகுதியின் தலைவர் ஹியூ மகுவயரிடம், உமது நாட்டுக்கு ஒரு ஷெரீப் அனுப்பப்படுவார் என்று ஆங்கில ஆட்சியாளர் பிட்ஸ்வில்லியம் சொன்னபோது அவர் தந்த பதிலை, பின்னாளில் அயர்லாந்தின் அரசு வழக்கறிஞராக இருந்த ஜான் டேவிஸ் எழுதிவைத்திருக்கிறார். அதைப் புரிந்துகொள்ள ஒரு சொல் தெரிய வேண்டும். கேலிக் சட்டத்தில் கொலைக்குத் தண்டனை உயிர் அல்ல, இழப்பீடு. கொல்லப்பட்டவரின் தகுதிக்கு ஏற்ப நிர்ணயிக்கப்படும் அந்தத் தொகைக்கு 'எரிக்' என்று பெயர். மகுவயர் சொன்னது ஏறக்குறைய இதுதான்: உங்கள் ஷெரீப் தாராளமாக வரட்டும், ஆனால் அவருடைய எரிக் எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், என் ஆட்கள் அவர் தலையை வெட்டிவிட்டால் அந்தத் தொகையை ஊர்மீது வரியாகப் போட்டு வசூலித்துத் தந்துவிடுகிறேன். பணிவான சொற்களில் இதைவிடத் தெளிவான மிரட்டலைக் காண்பது அரிது.

மிரட்டல் வீண் பேச்சாகவும் போகவில்லை. 1593-இல் ஷெரீபாக வந்த கேப்டன் ஹம்ப்ரி வில்லிஸ் தம் கூட்டத்தோடு நாட்டைச் சூறையாடி உண்டு திரிந்தார் என்று அல்ஸ்டர் தலைவர்கள் புகார் கூறினர். மகுவயர் அவர்களைத் துரத்தி ஒரு தேவாலயத்துக்குள் அடைத்துவிட்டார். டைரோனின் பிரபு ஹியூ ஓ'நீல் குறுக்கிட்டுப் பேசி, அவர்களை உயிரோடு வெளியேற வழிசெய்தார். ஒன்பது ஆண்டுப் போர் என்று வரலாற்றாசிரியர்கள் அழைக்கும் பெரும் போருக்கு இந்த வெளியேற்றம் முதற்பொறிகளில் ஒன்று.

ஷெரீபை நியமித்தவர் யார்? தகுதி என்ன?

மன்னரின் பிரதிநிதியாக டப்ளின் கோட்டையில் இருந்த லார்ட் லெப்டினன்ட் நியமித்தார். 19-ஆம் நூற்றாண்டில் வழக்கமான முறை என்னவென்றால், சுற்றில் வரும் நீதிபதிகள் கவுண்டிக்கு மூன்று பெயர்களைக் கொடுப்பார்கள். அதில் ஒருவரை அவர் தேர்ந்தெடுப்பார். இங்கிலாந்தில் மன்னரே பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே ஊசியால் துளையிடும் சடங்கு உண்டு.

தகுதி நிலம். கவுண்டியில் சொல்லிக்கொள்ளும்படியான சொத்து இல்லாதவரை நியமிப்பதில் பொருளில்லை, ஏனெனில் செலவு அவர் பையிலிருந்துதான் போக வேண்டும். அதோடு பொறுப்பும் அவர் தலைமேல்தான் இருந்தது. கடனுக்காகச் சிறையில் இருந்தவர் தப்பி ஓடிவிட்டால், அவர் கொடுக்க வேண்டிய கடனுக்கே ஷெரீபைப் பொறுப்பாக்கி வழக்குத் தொடரச் சட்டத்தில் இடமிருந்தது. மகனோ மருமகனோ ஷெரீபானதைக் குடும்பப் பெருமையாக எண்ணியவர்கள் பலர் என்றாலும், இந்த ஆண்டு என்னை விட்டுவிடுங்கள் என்று மன்றாடியவர்களும் இருந்ததில் வியப்பில்லை.

கத்தோலிக்கர்கள் ஷெரீபாக முடிந்ததா?

மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர்களாக இருந்த நாட்டில் இது சாதாரணக் கேள்வி அல்ல. கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் காலத்தில், 1680களின் இறுதியில், அயர்லாந்தில் அவருடைய பிரதிநிதியாக இருந்த டிர்கானல் பிரபு கவுண்டி தோறும் கத்தோலிக்க ஷெரீபுகளை நியமித்தார். ஒரே ஒரு புராட்டஸ்டன்ட் மட்டும் நியமிக்கப்பட்டார், அதுவும் அதே பெயர் கொண்ட இன்னொருவர் என்று தவறாக எண்ணித்தான் என்று பின்னாளில் டப்ளின் பேராயரான வில்லியம் கிங் குற்றம்சாட்டினார். அவர் மறுதரப்பைச் சேர்ந்தவர் என்பதால் இதைக் கொஞ்சம் உப்புப் போட்டே விழுங்க வேண்டும். ஆனாலும் பதவி யார் கையில் இருக்கிறது என்பதை இரு தரப்பும் எவ்வளவு உன்னிப்பாக எண்ணிக்கொண்டிருந்தன என்பது இதில் தெரிகிறது.

ஜேம்ஸ் தோற்ற பிறகு கதவு மூடப்பட்டது. 1793-ஆம் ஆண்டுச் சலுகைச் சட்டம் கத்தோலிக்கர்களுக்கு வாக்குரிமையைத் தந்தபோதும், ஷெரீப், துணை ஷெரீப் ஆகிய இரண்டு பதவிகளையும் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. வாக்களிக்கலாம், ஆனால் வாக்கை எண்ணும் நாற்காலியில் உட்காரக் கூடாது. 1829-ஆம் ஆண்டு விடுதலைச் சட்டத்தால்தான் அந்தத் தடை நீங்கியது.

அவருடைய ஆண்டில் மிகப் பெரிய நாள் எது?

சுற்று நீதிமன்றம் கூடும் நாள். 'அசைஸ்' எனப்பட்ட இந்த அமர்வுகள் வசந்த காலத்திலும் கோடையிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை கவுண்டித் தலைநகரில் நடந்தன. டப்ளினிலிருந்து வரும் நீதிபதிகளை ஷெரீப் தம் வண்டியோடு சென்று எதிர்கொண்டு அழைத்துவர வேண்டும். முன்னால் எக்காளம் ஊதுவோர், தம் குடும்பச் சீருடை அணிந்து ஈட்டி ஏந்திய ஆட்கள், தெருவின் இருபுறமும் வேடிக்கை பார்க்கும் கூட்டம் என்று ஊர்த் திருவிழாவுக்குக் குறைவில்லாத காட்சி அது. விசாரிக்கக் குற்ற வழக்கே இல்லாத அமர்வு வாய்த்தால், ஷெரீப் நீதிபதிக்கு வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி பரிசளிப்பது மரபு. எதிர்முனையில், ஓர் அமர்வில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டால் அதை நிறைவேற்றும் சட்டப்படியான பொறுப்பும் அதே ஷெரீபுடையதே. ஆள் கிடைக்காவிட்டால் என் செய்வது என்ற கவலை பல ஷெரீபுகளுக்கு இருந்தது; 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து தூக்கிலிடுபவரை வரவழைப்பது வழக்கமாகிவிட்டது.

அமர்வின் தொடக்கத்தில் ஷெரீப் 'கிராண்ட் ஜூரி' எனப்பட்ட பெருங்குழுவின் பட்டியலை வாசிப்பார். 23 பேர் வரை கொண்ட அந்தக் குழு, வழக்குகளை விசாரணைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ததோடு, சாலை, பாலம், நீதிமன்றக் கட்டடம் ஆகியவற்றுக்கு எவ்வளவு செலவழிப்பது, அதற்குக் குடிகளிடம் எவ்வளவு வரி போடுவது என்றும் தீர்மானித்தது. அதாவது, தேர்தல் இல்லாத ஒரு மாவட்டக் குழு. அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவர் ஒரே ஒரு மனிதர். யார் பெயர் யாருக்கு முன்னால் வருகிறது என்பதற்காகவே பகை வளர்த்த குடும்பங்கள் உண்டு. இந்த வரி அதிகாரம் 1898-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி மன்றங்களுக்குப் போயிற்று.

ஜூரியை ஷெரீப் தேர்ந்தெடுத்ததில் என்ன தவறு?

வழக்கில் தீர்ப்பு சொல்லும் பன்னிருவர் யார் என்பதே தீர்ப்பில் பாதி. தகுதியுடையவர்கள் பட்டியலிலிருந்து யாரை அழைப்பது, யாரை விடுவது என்பது நெடுங்காலம் ஷெரீபின் விருப்பத்தில் இருந்தது. 1848 மே மாதம் டப்ளினில் ஜான் மிட்செல் என்ற தேசியவாதப் பத்திரிகையாளர், 14 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றுக் குற்றவாளிக் கூண்டில் நின்றபோது, அரசி அரசாங்கம் அயர்லாந்தில் நிலைத்திருப்பது பொறுக்கியெடுத்த ஜூரிகளாலும், ஒருசார்பு நீதிபதிகளாலும், பொய்ச்சத்தியம் செய்த ஷெரீபுகளாலும் என்று நிரூபித்துவிட்டேன் என்றார். பொய்ச்சத்தியம் என்று அவர் சொன்னதற்குக் காரணம், பாரபட்சமின்றி நடப்பேன் என்று பதவி ஏற்கும்போது ஷெரீப் சத்தியம் செய்திருப்பார்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1844-இல், கத்தோலிக்கர்களின் உரிமைக்காகப் போராடிய தலைவர் டேனியல் ஓ'கானல் மீதான சதி வழக்கில் நடந்தது இன்னும் பெரிய செய்தி. டப்ளின் நகர ஜூரிப் பட்டியலில் பல பெயர்கள் அடங்கிய தாள் விடுபட்டுப் போயிருந்தது. நியாயமாகச் சொன்னால் அந்தத் தவறு ஷெரீபின் கைக்குப் பட்டியல் வருவதற்கு முன்பே நேர்ந்தது. இறுதியில் அமர்ந்த ஜூரியில் ஒரு கத்தோலிக்கர்கூட இல்லை. ஓ'கானல் சிறை சென்றார். செப்டம்பரில் பிரபுக்கள் சபையின் சட்டப் பிரபுக்கள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தீர்ப்பை ரத்துசெய்தனர். இத்தகைய செயலைத் திருத்தாமல் விட்டால் ஜூரி விசாரணை என்பதே ஒரு மாயையாகவும் கேலிக்கூத்தாகவும் கண்ணியாகவும் ஆகிவிடும் என்று அப்போது டென்மன் பிரபு சொன்னது சட்டக்கல்லூரிகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

1871-இல் அயர்லாந்தின் லார்ட் சான்சலராக இருந்த ஓ'ஹேகன் கொண்டுவந்த ஜூரிகள் சட்டம், பெயர்களை அகர வரிசையில் சுழற்சி முறையில் எடுக்க வேண்டும் என்று விதித்து, ஷெரீபின் கையைக் கட்டியது. பிறகும் அரசுத் தரப்பு வழக்கறிஞர் வேண்டாதவர்களை ஒதுக்கி நிற்கச் சொல்ல முடிந்தது என்பதால் புகார் ஓயவில்லை; ஆனால் அது ஷெரீபின் கணக்கில் சேராது.

தேர்தலில் அவர் பங்கு என்ன?

தேர்தல் அதிகாரியே அவர்தான். வாக்கெடுப்பு வெளிப்படையாக, பல நாட்கள், பெரும்பாலும் கவுண்டித் தலைநகரின் நீதிமன்றத்தில் நடந்த காலத்தில், கூட்டத்தை அடக்குவது முதல் வென்றவர் பெயரை எழுதி அனுப்புவது வரை அவர் பொறுப்பு.

1828 ஜூலையில் கிளேர் கவுண்டியின் இடைத்தேர்தலில், கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர முடியாது என்று தெரிந்தே ஓ'கானல் போட்டியிட்டார். எனிஸ் நகர நீதிமன்றத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. அங்கிருந்த வழக்கறிஞர் ரிச்சர்ட் ஷீல் அந்தக் காட்சியை வருணித்திருக்கிறார். மேல்மாடத்தின் விளிம்பில் ஓ'கார்மன் மேஹன் என்ற இளைஞர் பச்சைப் பட்டையும் பதக்கமும் அணிந்து உட்கார்ந்திருந்தார். ஷெரீப் அண்ணாந்து பார்த்து அந்தப் பதக்கத்தைக் கழற்றச் சொன்னார். இளைஞர் தம் மார்பில் கைவைத்து, பிறகு ஷெரீபைச் சுட்டி, இந்தக் கனவான் அந்தக் கனவானுக்குச் சொல்லிக்கொள்வது என்னவென்றால், அந்தக் கனவான் இந்தக் கனவானைத் தொடத் துணிந்தால், தன்னைக் காக்க ஒரு கனவானின் கை இருக்கும் வரை, இந்தக் கனவான் அந்தக் கனவானிடமிருந்தும் வேறெந்தக் கனவானிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்வார் என்று முழங்கினார். ஷெரீபுக்கு அதற்குமேல் பேச்சு எழவில்லை. பதக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஐந்து நாள் வாக்கெடுப்பின் முடிவில் ஓ'கானலுக்கு 2,057, எதிர்த்து நின்ற வெசி பிட்ஸ்ஜெரால்டுக்கு 982. மறு ஆண்டில் கத்தோலிக்க விடுதலைச் சட்டம் வந்தது. அதே கையோடு, கவுண்டியில் வாக்களிக்கத் தேவையான சொத்து மதிப்பு 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுண்டாக உயர்த்தப்பட்டு, ஓ'கானலை வெல்ல வைத்த சிறு குடியானவர்களில் பெரும்பாலோர் பட்டியலிலிருந்து நீங்கினார்கள்.

அதிகாரத்தை மீறிய ஷெரீபுகள் தண்டிக்கப்பட்டார்களா?

மிக நன்றாகப் பதிவான வழக்கு டிப்பரேரியினுடையது. ஆங்கில ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி நடந்த 1798-ஆம் ஆண்டில் அங்கு ஷெரீபாக இருந்த தாமஸ் ஜட்கின் பிட்ஸ்ஜெரால்ட், சந்தேகப்பட்டவர்களைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தே ஒப்புதல் வாங்கியவர். குளோன்மெல் நகரில் பிரெஞ்சு மொழி கற்பித்துவந்த பெர்னார்ட் ரைட் என்ற ஆசிரியரின் சட்டைப்பையில் பிரெஞ்சில் எழுதிய ஒரு சீட்டு இருந்தது. பிரான்சுப் படை எப்போது வரும் என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஷெரீபுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆசிரியரைக் கட்டி அடிக்கத் தொடங்கிய பிறகு அங்கு வந்த ரியால் என்ற படை அதிகாரி காரணம் கேட்டபோது, ஷெரீப் அந்தச் சீட்டை நீட்டி, எனக்கு இது படிக்கத் தெரியாது, காரணம் இதில் இருக்கும், படித்துப் பாருங்கள் என்றார். அதிகாரி படித்தார். குறித்த நேரத்துக்கு வர முடியவில்லை, வேறொருவரைப் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும் என்று ஒருவர் எழுதிய சீட்டு அது. இதில் குற்றமில்லையே என்று அவர் சொல்லியும் அடி நிற்கவில்லை.

ரைட் வழக்குத் தொடர்ந்தார். 1799 மார்ச்சில் குளோன்மெல் அசைஸில் ஜூரி அவருக்கு 500 பவுண்ட் இழப்பீடு வழங்கியது. ஆனால் கிளர்ச்சியை அடக்குவதற்காகச் சட்டத்தை மீறியவர்களைக் காப்பாற்ற ஐரிஷ் நாடாளுமன்றம் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றியது. 1801-இல் பிட்ஸ்ஜெரால்டுக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது.

அன்றாட வேலையைச் செய்தவர் ஷெரீப்தானா?

இல்லை, துணை ஷெரீப். ஷெரீப் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார். துணை ஷெரீபோ பெரும்பாலும் சட்டம் படித்தவர், அடுத்தடுத்த ஷெரீபுகளின் கீழ் அதே மேசையில் தொடர்வார். ஊதியம் கிடையாது, ஒவ்வொரு ஆணைக்கும் கட்டணம், வசூலித்த தொகையில் பங்கு. தவறு நடந்தால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் மேலே இருந்த பெரியவர் என்பதால், அவர் துணை ஷெரீபிடம் முன்கூட்டியே பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வார். நம் ஊர் நீதிமன்ற அமீனாவின் வேலையும், தேர்தல் தாசில்தாரின் வேலையும், வழக்கறிஞர் குமாஸ்தாவின் சாமர்த்தியமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் எப்படியோ, அப்படி. ஐரிஷ் கிராமத்தார் ஷெரீப் வருகிறார் என்று கதவை அடைத்தபோது, அவர்கள் அஞ்சியது எக்காளத்தோடு போன கனவானுக்கு அல்ல, டிக்ரியைச் சட்டைப்பையில் வைத்திருந்த இந்த மனிதருக்கே.

நிலப் போராட்டக் காலத்தில் வெளியேற்றம் எப்படி நடந்தது?

குத்தகை பாக்கி விழுந்தால் நிலக்கிழார் நீதிமன்றத்தில் ஆணை பெறுவார். அதை நிறைவேற்றத் துணை ஷெரீப் தம் அமீனாக்களோடு வருவார். அவர்களுக்குக் காவலாகப் போலீசார், சில சமயம் சிப்பாய்களும் வருவார்கள். வீட்டின் உடைமை நிலக்கிழாருக்கு மாற வேண்டுமானால் உள்ளே உயிர் ஒன்றும் பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது. கட்டில், பானை, தொட்டில், கோழி எல்லாம் முற்றத்துக்கு வரும். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பாட்டியும் வருவார். கடைசியாக அடுப்பின் தீ அணைக்கப்படும். தலைமுறை தலைமுறையாக அணையாமல் காத்த கரிக்கட்டை நெருப்பு அது என்பதால், தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கியபோது வாய்மூடி நின்றவர்களும் அந்த நேரத்தில் அழுதார்கள். பிறகு கதவு பூட்டப்பட்டு உடைமை நிலக்கிழாரின் ஏஜெண்டிடம் ஒப்படைக்கப்படும்.

பெரும் பஞ்சத்தின்போது ஆட்கள் உள்ளே இருக்கையிலேயே கூரையைப் பிரித்த கொடுமைகளைக் கண்டு, 1848-இல் ஒரு சட்டம் அதைக் குற்றமாக்கியது. கிறிஸ்துமஸ் அன்றும் புனித வெள்ளி அன்றும் வெளியேற்றக் கூடாது, இரவில் கூடாது, ஏழைகள் நிவாரண அதிகாரிக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றும் அது விதித்தது. வெளியேற்றத்தை அது தடுக்கவில்லை. நேரம் மட்டும் குறித்துத் தந்தது.

1879-இல் நில லீக் என்ற குடியானவர் சங்கம் தோன்றியதிலிருந்து குடியானவர்கள் எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டார்கள். கிளேர் கவுண்டியின் போடைக் ஊரில் 1887-இல் வீடுகளைக் கல்லாலும் மரத்தாலும் அடைத்து, உள்ளிருந்த பெண்கள் அமீனாக்கள் மீது கொதிக்கும் நீரைக் கொட்டினார்கள். அடுத்த ஆண்டு கில்ரஷ் அருகே வான்டலூர் பண்ணையில், கதவைத் திறக்க வழியில்லாமல் முக்காலியில் தொங்கவிட்ட பெரிய மரத்தூணால் சுவரையே இடித்தார்கள். அந்தப் புகைப்படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. ஓலை வேய்ந்த சிறு வீடு, அதன் முன் கோட்டையைத் தகர்க்கும் இயந்திரம், சுற்றிலும் தொப்பி அணிந்த நூறு போலீசார்.

ஷெரீப் ஏலம் என்பது என்ன?

வசூலாகாத தொகைக்காக மாடு, தானியம், குத்தகை உரிமை ஆகியவற்றை ஜப்தி செய்து பொது ஏலத்தில் விற்பது. அதில் ஒரு பலவீனம் இருந்தது: கேட்பதற்கு ஆள் வேண்டும். 1830களில், கத்தோலிக்கக் குடியானவர்கள் தாங்கள் கால்வைக்காத புராட்டஸ்டன்ட் திருச்சபைக்குத் தசமபாகம் கட்ட மறுத்தபோது, ஏலத்துக்கு வந்த மாட்டை அக்கம்பக்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நில லீக் காலத்தில் இதே உத்தி மீண்டும் வந்தது. நிலக்கிழார்கள் தரப்புச் சங்கம் வெளியூரிலிருந்து ஏலம் கேட்பவர்களை ரயிலில் அனுப்ப வேண்டியதாயிற்று.

சுதந்திரம் வந்த பிறகும் இது நின்றுவிடவில்லை. 1934 ஆகஸ்டில் கார்க் நகரின் மார்ஷ் யார்டில், நிலம் வாங்கிய கடனுக்கான தவணையைக் கட்ட மறுத்த விவசாயிகளின் மாடுகள் ஷெரீப் ஏலத்துக்கு வந்தன. எதிர்ப்பாளர்களின் லாரி ஒன்று வாயிற்கதவை முட்டித் திறந்தது. போலீசார் சுட்டதில் மைக்கேல் லிஞ்ச் என்ற இளைஞர் இறந்தார். அவருடைய தந்தை தொடுத்த வழக்கில், அந்தத் துப்பாக்கிச்சூட்டுக்கு நியாயமில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நகரங்களுக்கும் ஷெரீப் உண்டா?

எட்டு நகரங்கள் தாமே தனிக் கவுண்டியாக எண்ணப்பட்டன: டப்ளின், கார்க், லிமெரிக், வாட்டர்போர்ட், கில்கென்னி, கால்வே, டிராகெடா, காரிக்பெர்கஸ். அவற்றுக்குத் தனி ஷெரீப். டப்ளினில் 1548-ஆம் ஆண்டுச் சாசனப்படி இருவர். பெரும்பாலும் வணிகர்கள்.

பதவி எப்போது ஒழிந்தது?

புதிய ஐரிஷ் சுதந்திர அரசு 1926-இல் நீதிமன்ற அதிகாரிகள் சட்டத்தை இயற்றி, இதுவரை நாம் ஷெரீப் என்று சொல்லிவந்த உயர் ஷெரீப் பதவியை ஒழித்தது. துணை ஷெரீபுகளை உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர்கள் பதவியிலிருந்து விலக விலக, அவர்கள் வேலை அந்தந்தக் கவுண்டிப் பதிவாளருக்குப் போகும் என்று ஏற்பாடு செய்தது. எக்காளமும் வண்டியும் போயின, ஜப்தி ஆணை மட்டும் மேசை மாறியது. உள்நாட்டுப் போர் முடிந்திருந்த நேரத்தில் வசூலாகாத கடன்கள் மலையாய்க் குவிந்திருந்தன. எனவே அமீனா இல்லாத அரசை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

இன்றும் அயர்லாந்தில் ஷெரீப் என்ற பெயர் கேட்கிறதே?

கேட்கத்தான் செய்யும். டப்ளினிலும் கார்க்கிலும் நகரத்துக்கும் கவுண்டிக்கும் ஷெரீபுகள் இன்றும் இருக்கிறார்கள். நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றுவதோடு, நாடாளுமன்றத் தேர்தலில் அந்தப் பகுதிகளின் தேர்தல் அதிகாரிகளும் அவர்களே. மற்ற கவுண்டிகளில் அந்த இரண்டு வேலைகளையும் பதிவாளர் செய்கிறார். 1980களிலிருந்து வரி பாக்கியை வசூலிப்பதற்கென்றே 'வருவாய் ஷெரீப்' என்ற தனி வகையும் உண்டு. கடை நடத்தும் ஐரிஷ்காரர் ஒருவரிடம் ஷெரீப் என்று சொன்னால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் இவராகத்தான் இருப்பார்.

பிரிட்டனோடேயே தங்கிவிட்ட வட அயர்லாந்தில் நடந்தது சென்னையை ஒத்தது. அங்கு ஆறு கவுண்டிகளுக்கும், பெல்பாஸ்ட், லண்டன்டெரி நகரங்களுக்கும் ஆண்டுதோறும் உயர் ஷெரீப் நியமிக்கப்படுகிறார். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் தீர்ப்புகளை நிறைவேற்றும் பணியைத் தனி அலுவலகத்துக்கு மாற்றிவிட்டதால், விழாக்களில் முன்வரிசையில் அமர்வதும் நீதிபதிகளை வரவேற்பதும்தான் இப்போது அவர் வேலை.